கசங்கக் கூடாத பேனர்

“ஆம்புலன்ஸா? உனக்கென்ன பைத்தியமா?” பல்லைக் கடித்தார் சூப்பர்வைசர். “விருதுக் குழு மாடியில காபி குடிச்சிட்டிருக்கு. சைரன் சத்தம் கேட்டுச்சுன்னா, ‘விபத்தே இல்லாத தொழிற்சாலை’ விருது அம்பேல்!”

பிரஸ் மெஷின் ஓட்டும் அக்கா தரையைக் காட்டினாள். நாள் முழுக்க எல்லோரும் நின்றே வேலை பார்க்கும் அந்தக் கூடத்தின் நடுவில், ‘பாதுகாப்பே நம் உயிர்மூச்சு’ என்ற புது பேனர் அறுந்து விழுந்து கிடந்தது.

உயிர்மூச்சுக்குக் கீழே ஒரு முனகல். வெளியே தெரிந்தது ஒரே ஒரு கால். அதுவும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதன் சக்கரங்கள் இன்னும் நிற்கவில்லை.

“பேனர் கோணலா இருக்குன்னு இது மேல ஏறினாங்க சார். ஏணி உடைஞ்சு போச்சு, புதுசு கேட்டோம், வரல.”

“நாற்காலி மேல ஏறுற மூளைக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!”

முனகல் சற்று உரத்தது. அக்கா பேனரின் ஓரத்தைப் பிடித்தாள்.

“தொடாதே, கசங்கிடும்! குழு வந்ததும் அதைத்தான் முதல்ல பாக்கும்.”

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை. “அப்ப என்ன சார் பண்றது?” என்றாள் அப்பாவியாக.

“தெரியாத மாதிரி கேக்குற? மேனேஜர் போட்ட ரூல்தான். அடிபட்டா ஷிஃப்ட் முடியற வரைக்கும் ஸ்டோர் ரூம்ல உக்காரணும். வேலை பாத்த கணக்கு. விபத்தே நடக்கல.”

“எலும்பு உடைஞ்சிருந்தா?”

“உன் புருஷன் கட்டைவிரல் நசுங்கினப்ப சாயங்காலம் வரைக்கும் உக்காரலையா? செத்தா போயிட்டான்?”

“விரல்தான் சார் செத்துச்சு. நேரத்துக்கு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.”

“அதையெல்லாம் மேனேஜர்கிட்ட சொல்லு.”

“சொல்லிட்டுத்தான் சார் இருக்கேன்.”

சூப்பர்வைசர் காதில் அது ஏறவில்லை. பேனரைப் பார்த்துக் குனிந்து அதட்டினார். “நடிக்காம எழுந்திரு! ஸ்டோர் ரூமுக்கு நட! ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்!”

உயிர்மூச்சுக்குக் கீழிருந்து ஈனமாய் ஒரு குரல் வந்தது.

“ரூல் போட்டதே நான்தான்டா... ஆம்புலன்ஸைக் கூப்பிடுடா!”