மோரில் கலந்த பவுடர்

“கோழிக்குக் கலக்குற பவுடரை உங்கக்காவுக்கு எதுக்குடா கொடுத்தே?”

“சத்தம் போடாதீங்க மாமா. வெறும் சத்துப் பவுடர்தானுங்க. அக்காவும் அதே ஷெட்டுலதான வேலை செய்யுது?”

கவின் என் மனைவியின் தம்பி. எங்கள் பிராய்லர் பண்ணைக்குக் குஞ்சும் தீனியும் தரும் கம்பெனியின் சூப்பர்வைசரும் அவன்தான். ஷெட்டுக்குள் நாற்பத்தெட்டு டிகிரி அடித்தாலும் கோழிகள் மூச்சிரைக்காமல் தீனி எடுக்கத் தண்ணீரில் அதைக் கலப்பான். அவற்றுக்கு வெப்பமே தெரியாது. முப்பத்தைந்தாம் நாள் லாரி வந்துவிடும். அதற்கு மேல் அவை உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

தம்பி கொடுத்த வைட்டமின் என்று நம்பி, என் மனைவி தர்ஷினி இரண்டு கோடையாக அதை மோரில் கலந்து குடித்திருக்கிறாள். நேற்று ஷெட்டுக்குள் சுருண்டு விழுந்தாள். தூக்கினால் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. கண் திறந்ததும், “எனக்கு ஒண்ணுமில்லீங்க, விடுங்க, தீனி போடோணும்” என்றாள்.

“அக்கா படுத்துட்டா இந்த பேட்ச் கோழியை யாரு பார்ப்பா மாமா?” என்கிறான் கவின்.

பவுடரை நிறுத்திவிட்டேன். இன்று காலை அடுப்பிலிருந்த சட்டியை வெறுங்கையால் இறக்கினாள். தோல் உரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இந்தக் குழுவில் உள்ள பண்ணைக்காரர்களே, உங்கள் பண்ணையில் யாராவது இதைக் குடித்து நிறுத்தியிருந்தால், எத்தனை நாளில் சூடு தெரிய ஆரம்பித்தது என்று தயவுசெய்து பதில் போடுங்கள்.