நனைத்த கைகள்

விடுமுறை முடிந்ததும் கணவன் எட்வினைப் பிரிந்துவிடுவதென்ற முடிவோடுதான் சுகிர்தா அந்தக் கடற்கரைக்கு வந்திருந்தாள். மாசி மாதத்து இளவெயிலில் எட்வின் முழங்காலளவுத் தண்ணீரில் நின்று, இறகில் செய்த பொய்ப்பூச்சியைக் கட்டித் தூண்டில் வீசினான். மீன் சிக்கியதும், அதைத் தொடுவதற்கு முன் கைகளைக் கடலில் நனைத்துக்கொண்டான்.

"எதுக்குங்க?"

"காஞ்ச கை பட்டா அதுக்கு ஆகாது. பாவம்."

நோகாமல் அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தான். மீனுக்குத் தெம்பு வரும்வரை தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருந்து, பிறகு விட்டான்.

வலையோடு அந்தப் பக்கம் போனவர் சிரித்தார். "விடுறதுக்கா சார் இம்புட்டு நேரம் நின்னு புடிச்சீய?"

பதினொரு வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் கைகளை அவள் அறிந்ததே இல்லை. உள்ளே எழுந்தது அன்பா, அந்த மீன்மேல் பொறாமையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"போலாமா?" என்றான்.

"இன்னொண்ணு பிடிங்க," என்றாள்.