கதவுக்கு முன்னால் ஒரு மந்திரக்காரி

புத்தூரில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயில் மேஜைமேல் சாய்ந்து விழுகிறது. பகடைகளின் சிவப்பு நிழல் தாள்மேல் கிடக்கிறது. ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, வாயாலேயே கதை சொல்லி ஆடும் விளையாட்டு. கதையை நடத்தும் யூசுப் அண்ணன் பென்சிலால் மேஜையைத் தட்டி, "எதிரே இரும்புக் கதவு. பூட்டியிருக்கு" என்கிறார். கல்லூரியில் படிக்கும் சகாயராணி அக்கா என்னைப் பார்க்கிறார். இந்த விளையாட்டில் நான் மந்திரக்காரி. கதைக்குள் தினமும் விடிந்ததும் என் மந்திர நோட்டிலிருந்து நான்கை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளலாம். மற்றவை நோட்டில் இருந்தாலும் அன்றைக்கு உதவாது. "கதவு திறக்கிற மந்திரம் உன்கிட்ட இருக்குல்ல, கலை?" "இருக்குக்கா. இன்னைக்கு எடுத்துக்கல." "வேற என்னதான்டி எடுத்த?" தாளைத் திருப்பிக் காட்டுகிறேன். மறைவது, சத்தமில்லாமல் நடப்பது, தூங்கவைப்பது, உருவம் மாறுவது. "திருடப் போறியா, ஒளியப் போறியா?" என்று யூசுப் அண்ணன் சிரிக்கிறார். எனக்குக் காது சுடுகிறது. பத்தாவதோடு நின்றுபோன என்னை அடுத்த வாரம் கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றுகிறது. அக்கா சோம்பல் முறிக்கிறார். "விடுங்க. கதையில எல்லாரும் கதவுகிட்டயே படுத்துக்குவோம். விடிஞ்சதும் கலை அதை எடுக்கட்டும்." யூசுப் அண்ணன் எழுகிறார். "அப்ப விடியறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். நீ வரல, கலை?" இல்லையென்று தலையாட்டுகிறேன். அவர்கள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து, தெருவின் பஸ் ஹாரனில் கரைகிறது. மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நாலில் ஒன்றை விட வேண்டும். ரப்பரால் 'மறைவது' என்பதை அழிக்கிறேன். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. அதன்மேலேயே 'கதவு' என்று எழுதுகிறேன்.