நான்கு மில்லிமீட்டர்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். மேல் வரிசை ஒரு நிமிடம், கீழ் வரிசை ஒரு நிமிடம். நாக்கை வழித்தேன்.

துப்பியதில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியது. குழாயைத் திறந்துவிட்டேன்.

சட்டையை இஸ்திரி போட்டேன். காலர் மட்டும். மேலே ஸ்வெட்டர் வந்துவிடும்.

அரை நாள் லீவு கேட்டபோது பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். "பல்லுக்கு டாக்டர் தெரியும். ஈறுக்குத் தனியா ஒருத்தரா? அடுத்து நாக்குக்கு ஒருத்தர் வருவார் பாரு."

வழக்கமாகப் போகும் பல் டாக்டரும் அதையேதான் சொன்னார். சுத்தம் செய்தால் போதும், ஸ்பெஷலிஸ்ட் எதற்கு என்றார். நான்தான் விடாமல் கேட்டுச் சீட்டு எழுதி வாங்கினேன். அளந்து சொல்லும் ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது.

மனைவி போய் நான்கு மாதம். நுரையீரலில் கிருமி. ஐசியூவில் பதினோரு நாள்.

காலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். கடைசி நாள் நான் குனிந்தபோது கண்ணைத் திறந்தாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

நர்ஸிடம் போய்ச் சொன்னேன், பேசினாள் என்று. அவர் என் தோளைத் தொட்டார். "ரெண்டு நாளா அவங்களுக்கு நினைவே இல்லை சார். எதிர்ல யார் நிக்கிறாங்கன்னுகூடத் தெரியாது. அதெல்லாம் காய்ச்சல்ல பேசுறது."

அப்படியானால் நான் யாரென்று தெரியாமலேயே போயிருக்கிறாள்.

என்னைத் தெரிந்துதான் பேசினாளா? அது மட்டும் தெரிந்தால் போதும். அதைத்தான் இந்த டாக்டரிடம் கேட்க வந்திருந்தேன்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. டாக்டரம்மா மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். மூன்று மில்லிமீட்டர் வரை நல்ல ஈறு, அதைத் தாண்டினால் நோய் என்றார். எண்களைச் சொல்லச் சொல்ல உதவிப் பெண் குறித்துக்கொண்டாள்.

மூன்று. இரண்டு. மூன்று. மூன்று.

நான்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்று. மூன்று.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

நான்கு. நான்கு. ஐந்து.

"ஆரம்பக் கட்டம்தான், பயப்படாதீங்க. கத்தி, தையல் எதுவும் வேண்டாம். லேசர்லயே பண்ணிடலாம்."

கம்பியை எடுத்ததும் என் கேள்வியைக் கேட்டேன். நான்கு மாதத்துக்கு முன்பே இது இருந்திருக்குமா, பல் தேய்த்த பிறகும் தெரியுமா என்று.

"கண்டிப்பா இருந்திருக்கும். தேய்ச்சாலும் போகாது. நமக்குத்தான் தெரியாது, ரொம்பக் கிட்ட வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடும். யார் சொன்னாங்க, வீட்டுலயா?"

தலையாட்டினேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

அடுத்து வர வேண்டியவர் வரவில்லை. இன்றைக்கே ஒரு பக்கம் முடித்துவிடலாம் என்றார்.

மரத்துப்போக ஊசி. கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி. நூல் போன்ற முனை உள்ளே இறங்கியது. முடி கருகுவதுபோல் லேசாக ஒரு வாடை. வலிக்கவில்லை. வலிக்காமல் இருப்பது பழகிவிட்டது.

கண்ணாடிக்குக் கீழே ஈரம் வழிவதை உதவிப் பெண் பார்த்துவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே பஞ்சால் ஒற்றி எடுத்தாள். இல்லையென்று கையசைத்தேன்.

படியிறங்கும்போது அத்தையின் போன். வாரம் தவறாமல் கூப்பிடுவார். வாரம் தவறாமல் அதையே கேட்பார்.

"கடைசியா அவ என்ன சொன்னா, இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை."

"அம்மாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னா அத்தை." மரத்த உதட்டால் வழக்கம்போல் சொன்னேன். அழுதுவிட்டு வைத்தார்.

அவள் சொன்னது அதுவல்ல.

அன்றைக்கும் ஆஸ்பத்திரிக் குழாயில் இரண்டு நிமிடம் பல் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன். அதனால்தான் நர்ஸ் சொன்னதை நம்பினேன்.

குனிந்தேன். கண்ணைத் திறந்தாள். மாஸ்க்கை விலக்கினாள்.

"ஏங்க, தள்ளி நில்லுங்க. வாய் நாறுது."