பால்கனிப் பாசம்

"பந்தயமா? அங்கே கார் பந்தயமெல்லாம் நடக்குதா என்ன? எனக்கு உன்னைப் பாக்கணும்டா தம்பி, அவ்வளவுதான். கண்ணுக்குள்ளேயே நிக்கிறே!"

போனில் இதைச் சொன்னபோது டயர் கடைக்காரருக்குக் குரல் தழுதழுத்தது. எதிரே நின்ற கடை ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தம்பி வீட்டாரை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, அவன் பெயரை எடுத்தாலே எகிறுகிறவர் அவர். "எனக்குத் தம்பியே கிடையாது" என்று சொல்லிச் சொல்லி, கடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை நம்பியே விட்டார்கள்.

போன மாதம் டி.வி.யில் பழைய பந்தயம் ஒன்றைத் திரும்பப் போட்டார்கள். நாய்கூடக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நடக்கிற வெளிநாட்டுப் பகட்டு நகரம். தெருக்களையே அடைத்துக் கார்களை விரட்டுகிறார்கள். ஒரு வளைவு. அதற்கு நேர் மேலே ஒரு பால்கனி. அதில் பனியனோடு காபி குடித்துக்கொண்டிருந்தது சாட்சாத் தம்பி!

அந்த நிமிஷமே ரத்தபாசம் பொங்கிவிட்டது.

விமான நிலையத்தில் தம்பி கட்டிப்பிடித்து அழுதான். அவன் மனைவி, "வாங்க மாமா" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "கொஞ்சம் காத்து வாங்கிக்கறேன்" என்று அண்ணன் நேரே பால்கனிக்குப் போனார். கீழே பந்தயச் சாலை. கார் போனால் அதன் டயரைத் தட்டிப் பார்த்து விலையே சொல்லிவிடலாம், அவ்வளவு கிட்டம்!

பந்தயத்தை இங்கிருந்தே வீடியோவில் காட்டுவதாகக் கடையில் சவால் விட்டு வந்திருந்தார். ஊரிலுள்ள மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அங்கே கூடப்போகிறார்கள். மானப் பிரச்னை.

பந்தய நாள் காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கூடத்தில் தம்பி பெட்டியோடு நின்றான்.

"கிளம்புங்கண்ணா. ஏரிக்கரையில ரூம் போட்டிருக்கேன். ரயில்ல போயிடலாம்."

"எதுக்குடா?"

"இன்னிக்கு இங்கே மனுஷன் இருக்க முடியாது. காது கிழிஞ்சுடும். உங்களுக்கு பி.பி. வேற."

"பி.பி.யா? அது எப்பவோ ஓடிப்போச்சுடா!"

"சும்மா சொல்லாதீங்க."

"சத்தம் எனக்குப் பழக்கந்தான்டா. கடையில நாள் முழுக்க டமால் டுமீல்தானே!"

"எனக்காகப் பல்லைக் கடிச்சுக்காதீங்கண்ணா. என்னைப் பாக்கணும்னு இவ்வளவு தூரம் வந்துட்டு, ரெண்டு வார்த்தை நிம்மதியா பேச முடியலேன்னா எப்படி? இவதான் சொன்னா, வெளியூர் கூட்டிட்டுப் போகலாம்னு."

அவள் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

படியில் இறங்கும்போது, கீழ்வீட்டு பஸ் டிரைவர் குடும்பம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தது.

"பால்கனி சும்மாதானே கிடக்கும்" என்று தம்பி அவர்களிடம் சாவியைக் கொடுத்தான். அண்ணன் அந்த நாற்காலிகளைப் பார்த்த பார்வையில் அவை பற்றி எரிந்திருக்க வேண்டும்.

ரயில் நகர்ந்தது. தூரத்தில் கார்கள் உறும ஆரம்பித்தன. கடையிலிருந்து போன் மேல் போன். அண்ணன் அதை அணைத்துப் பையில் போட்டார்.

"நீ வருஷா வருஷம் பாக்கிறதாச்சேடா? எனக்காக ஏன் விட்டுட்டு வரணும்?"

"பந்தயம் வருஷா வருஷம் வரும்ணா. நீங்க வருவீங்களா?"

அண்ணனுக்கே ஒரு கணம் வெட்கமாகிவிட்டது. மறுகணம் புத்தி வேலை செய்தது. தம்பியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"இனிமே தவறாம வருவேன்டா. இதே தேதிக்கு! ஆனா ஒண்ணு, வெளியே எங்கேயும் கூட்டிட்டுப் போகக் கூடாது. வீட்டோட இருந்து உன்னையே பாத்துக்கிட்டிருக்கணும்."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி திரும்பினாள்.

"அடுத்த வருஷம் நாங்க வேற வீட்டுல இருப்போம் மாமா. அங்கே பால்கனி கிடையாது. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான். வருவீங்கல்ல?"

வேற வீடா? தம்பி திருதிருவென்று விழித்தான்.

அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. பற்றியிருந்த கையை மெல்ல விட்டார்.

"அடுத்த வருஷம்... கடையில கொஞ்சம் வேலை ஜாஸ்தியா இருக்கும்மா."