இடுப்பளவு

தையற்கடைக்காரியின் கணினியில் படங்களுக்கே இடமில்லை. கறுப்பு டெர்மினல் திரையில் வெள்ளை எழுத்தாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட் மட்டும் ஓடும். மவுஸைத் தொடாமல், விசைகளைத் தட்டியே கட்டம் கட்டமாகத் தாவுவாள். வாடிக்கையாளரின் அளவைப் போட்டால், எவ்வளவு துணி வேண்டுமென்று பக்கத்துக் கட்டம் சொல்லிவிடும்.

போன வருடம் இறந்துபோன கணவரின் வரிசையை அவள் அழிக்கவில்லை. அதில் இடுப்பளவு முப்பத்து நான்கு. ஒருநாள் காலை அது முப்பத்தைந்தாக இருந்தது. திருத்திச் சேமித்தாள். மறுநாளும் முப்பத்தைந்து, துணிக் கணக்கும் அதற்கேற்ப ஏறியிருந்தது.

கூடவே தைக்கும் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள். "அக்கா, அந்த வரிசையையே அழிச்சிடு."

"எதுக்குடி? போன இடத்துலயும் மனுஷன் வாயைக் கட்டல போல." சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "பழைய பேன்ட்டெல்லாம் இறுக்குமே."

பழுப்புத் துணியை எடுத்து, திரை சொன்ன அளவுக்கே வெட்டினாள். கத்திரி எங்கும் தயங்கவில்லை. மதியத்துக்குள் தைத்து, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டினாள். இருவரும் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்தபோது பேன்ட் அதே ஆணியில்தான் தொங்கியது. முழங்காலுக்குப் பின்புறம் மட்டும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தவரின் சுருக்கங்கள் விழுந்திருந்தன. தங்கை வாசலைத் தாண்டவில்லை. அக்கா நேராகப் போய் இடுப்புப் பட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.