கவிழ்த்து வைத்த சட்டி

கொல்லையில் சட்டி கவிழ்ந்து கிடந்தது.

காலையில் மகாலட்சுமி பார்த்துப் பார்த்துக் கருவாட்டுக் குழம்பு வைத்த அதே சட்டி. வேலைக்கு நடுவில் சாப்பிட எழுந்து வந்தவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

'அடப்பாவமே! பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்படியா கொண்டுபோய்க் கொட்டுறது?'

யாரிடம் கேட்பது? மாமியார் கலியம்மாள்தான் வாயைத் திறக்கிற ரகமே இல்லையே!

கல்யாணமான கையோடு கணவன் தமிழ்க்குமரன் கத்தாருக்குப் பிளேன் ஏறிவிட்டான். சோரியாங்குப்பத்து வீட்டில் மிச்சம் இந்த ரெண்டு பேர்தான். மகாலட்சுமி சாம்பார் வைத்தாலும் சரி, மீன் வறுத்தாலும் சரி, கலியம்மாள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவாள், கை கழுவுவாள், மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். நல்லா இருக்கு, இல்லை, ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு நெஞ்சழுத்தம்!

போன் அடித்தது. சென்னை ஆபீஸிலிருந்து டீம் லீடர் கல்பனா.

மகாலட்சுமிக்கு வீட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டர் ஃபைலில் இருக்கும் எழுத்தைத் திருத்த அவள் கம்பெனி ஒரு டூல் செய்திருந்தது. அதைப் பயன்படுத்தப் போவது மனுஷர்கள் இல்லை, சொன்ன வேலையைத் தானாகவே செய்து முடிக்கிற ஏஐ ஏஜென்ட் புரோகிராம்கள். எப்படிப் பயன்படுத்துவது, டூல் என்ன பதில் சொல்லும் என்று அதுகளுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவதுதான் இவள் வேலை.

"மகா, வரியைத் திருத்தி முடிச்சதும் டூல் 'முடிஞ்சுது, இப்ப இப்படி இருக்கு'ன்னு காட்டணும்னு எழுதியிருக்கே. தப்பானாத்தானே சொல்லணும்? சரியா முடிஞ்சா பேசாம இருந்தா ஆகாதா?"

"ஆகாது மேடம். டெஸ்ட்ல பார்த்தோமே! டூல் வாயே திறக்கலை. ஏஜென்ட் பாவம், வேலை ஆகலைன்னு நெனச்சுத் திரும்பத் திரும்ப அதே வரியைச் சேர்த்துக்கிட்டே இருந்துச்சு. ஃபைலே நாசம். நல்லா முடிஞ்சா நல்லா முடிஞ்சுதுன்னு சொல்லணும். தப்புன்னா எதனால தப்பு, அடுத்து என்ன பண்ணணும்னு சொல்லணும். ஒண்ணுமே சொல்லலைன்னா அது என்னன்னுதான் நினைக்கும்?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"ஏய், அழறியா? ஒரு டூலுக்குப் போயா?"

"சளி மேடம்."

லேப்டாப்பை மூடினாள். மெஷினுக்குப் பரிந்து பேசவாவது அவள் இருக்கிறாள். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இனி இந்த வீட்டில் இருக்க முடியாது. சுத்துக்கேணிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடலாம். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

எதிரே புல்லுக்கட்டோடு கலியம்மாள். பையைப் பார்த்தாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியது.

மகாலட்சுமிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இப்பக்கூட வாயைத் திறக்க மாட்டீங்களா அத்தை? நான் என்ன தப்பு பண்ணேன்? அதையாவது சொல்லுங்க!"

கலியம்மாள் புல்லுக்கட்டை இறக்கினாள்.

"சொல்லக் கூடாதும்மா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சத்தியமா?"

"எங்க மாமியா சாவற வரைக்கும் என்னிய கொற சொல்லிக்கினே இருந்தாங்க. உப்புப் போட்டா ஒரு சொல்லு, போடலைன்னா ஒரு சொல்லு. என் வூட்டுக்கு மருமவ வந்தா அவ சமையல்ல, அவ வேலையில நான் வாயே வைக்கக் கூடாதுன்னு மாரியாத்தா கோயில்ல கற்பூரம் அணைச்சிட்டு வந்தேன். வாயை வச்சிக்கினு சும்மா இருக்கறது இன்னா கஷ்டம் தெரியுமா? நீயும் நாள் முச்சூடும் அந்தப் பொட்டியாண்டதான் பேசற. நான் போயி மாட்டாண்ட பேசினு இருக்கேன்."

மகாலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்ப அந்தச் சட்டி?"

"அது வெள்ளிக்கெழம சாமிக்குப் பொங்கல் வைக்கிற சட்டி. கருவாடு பட்டுடுச்சு, இனிமே ஆவாது. உங்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு கொல்லைல போட்டேன். பாகூர் சந்தையில வேற வாங்கிக்கலாம்."

"அதுக்காகக் குழம்பைக் கொட்டணுமா அத்தை?"

"கொட்டுனனா? நல்லா இருக்குடி கத! உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து அடுப்பாண்ட மூடி வச்சிட்டு, மிச்சத்த வழிச்சித் துன்னுட்டுதான் சட்டியக் கவுத்தேன். நீ போயிப் பாக்கவே இல்லியா?"